மூன்றாம் கொத்து

பழம் ஏற்றிப்போன வண்டி காலியாகத்தான் திரும்ப வேண்டும். அன்றைக்குப் போன பெட்டிகளோடேயே திரும்பி வந்தது.

அந்த வீட்டின் இளைய மருமகள், எல்லாருக்கும் இளையவள், அப்போது குடிலுக்குள் ஏணி மேல் நின்று பக்கத்தளிர் கிள்ளிக்கொண்டிருந்தாள். குடில் என்றால் ஓலை வேய்ந்தது இல்லை. இரும்பு வளைவுகளின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்த நீளமான கொட்டகை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் உள்ளே நுழைந்தால் கண்ணாடி வேர்த்துவிடும், அவ்வளவு வேக்காடு. உள்ளே வரிசை வரிசையாகத் தேங்காய்நார்த்தூள் அடைத்த பைகள், பைக்கு ஒரு தக்காளிச் செடி, செடிக்கு ஒரு சரடு, சரட்டைப் பிடித்துக்கொண்டு மேல்கம்பி வரைக்கும் செடி ஏறியிருக்கும். ஒவ்வொரு பையிலும் பேனா நிப்பு மாதிரி ஒரு சின்னக் குழாய் சொருகியிருக்கும். அதன் வழியாகத் தண்ணீரும், தண்ணீரில் கரைத்த உப்புகளும் சொட்டும். செடிக்குச் சாப்பாடே அதுதான்.

வண்டிக்காரர் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எறக்கிக்கங்கம்மா. மண்டியில வேணாம்னுட்டாங்க."

"என்ன வேணாம்? ஒவ்வொண்ணையும் கையால பொறுக்கித்தானே போட்டேன்?"

"மேல பட்டாட்டம்தான் இருக்குன்னாங்க. அறுத்துப் பாத்தா உள்ள கரியாம். நம்மளை என்னமோ வேணும்னே மறைச்சு அனுப்பின மாதிரி பாத்தாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். தக்காளிச் செடியின் பிசுக்கு ஏறி அவள் விரல்கள் கரும்பச்சையாக இருந்தன. எத்தனை தடவை சோப்பு போட்டாலும் மஞ்சள் நுரைதான் ஓடும், கறை போகாது. அந்தக் கையாலேயே ஒரு பழத்தை எடுத்து இடுப்புக் கத்தியால் நறுக்கினாள். சிவந்த சதைக்கு நடுவே, அடிப்பக்கத்தில், அணைந்த தீக்குச்சித் தலை போல ஒரு கறுப்பு. இன்னொன்று. அதிலும் கறுப்பு. அடியில் வெளிப்படையாகத் தோல் கறுத்துச் சப்பிப்போன பழங்களை அவள் ஒரு வாரமாகவே ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தாள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கறுத்திருக்கும் என்பது அவளுக்கும் புதிது.

கோபம் முதலில் யார் மேல் என்றே தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பழங்கள் சீக்கிரமே சிவந்தன. "பாத்தியா, போன தடவையைவிட முந்திக்கிச்சு" என்று மாமனார் போன வாரம்தான் மீசையைத் தடவினார். சீக்குப் பிடித்த பழம்தான் அவசரமாகச் சிவக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாமனார் வந்தார். பின்னாலேயே, சட்டையில் சிமெண்டுத் தூளோடு, அவளுடைய கணவனின் அண்ணன் வந்தார். வீட்டில் அவரைப் பெரியவர் என்பார்கள். குடிலுக்கு அடுத்த மனையில் அவர் தனக்கென்று புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். தளம் போட்டாயிற்று, பலகை பிரித்தாயிற்று, அடுத்து பூச்சு வேலை. வீடு என்று ஒன்று எழும்பத் தொடங்கியதிலிருந்து பெரியவர் நடப்பதே மாறிவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் மட்டம் பார்ப்பது போலப் பார்ப்பார்.

பழத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

"உப்பு மாத்திக் கலந்திருப்ப" என்றார்.

"இல்ல அத்தான்."

"இல்லன்னா எப்படி? அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்த. வந்து நீதான் தொட்டியைக் கழுவிப் புதுசாக் கலந்த. கலந்ததுக்கு அப்புறம் கறுத்துச்சு. சின்னப் புள்ளைக்கும் புரியுமே."

மாமனார் தலையாட்டினார். அவர் யார் கடைசியாகப் பேசினாலும் அதற்குத் தலையாட்டுகிறவர்.

இதை முறையாகச் சொல்ல வேண்டும். குடிலின் ஓரத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் சுண்ணாம்புச் சத்து உப்பு, மற்றதில் மீதி உப்புகள். இரண்டையும் கெட்டியாக இருக்கும்போது ஒன்றாகக் கலந்தால் திரிந்துபோகும், செடிக்குச் சேராது. இந்த வீட்டில் இதைத் தெரிந்தவள் இளையவள் ஒருத்திதான். கலந்தவளும் அவள்தான். ஆகையால் குற்றம் செய்யத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. மற்றவர்களுக்குத் தொட்டி எது, தொட்டி மூடி எது என்றுகூடத் தெரியாது. தெரியாததால் அவர்கள் எல்லாரும் சுத்தம்.

மத்தியானச் சாப்பாட்டின்போது வழக்கு தொடர்ந்தது. பெரியவரின் மனைவி பரிமாறிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மக போய்ப் பாக்க வேண்டியதுதான். போற எடத்துல மனசு அங்கயே தங்கிடும், கை மட்டும் இங்க வந்து வேலை செய்யும். மனுஷிதானே. நான் குத்தமாச் சொல்லல."

"குத்தமாச் சொல்லலன்னா எதுக்குக்கா சொல்றீங்க?" என்றாள் இளையவள்.

"பாத்தீங்களா மாமா, வாயைத் தொறந்தா இப்படித்தான்."

"சோத்தைப் போடு" என்றார் மாமனார்.

இளையவளுடைய கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் குழாய் வேலை. ஊரில் பாதி வீட்டின் தண்ணீர் அவன் கை வழியாகத்தான் ஓடுகிறது. குழாய் ஒழுகினால் காதை வைத்தே இடம் சொல்லிவிடுவான். சபையில் மட்டும் ஒரு சொட்டு வெளியே வராது. அவள் அவனையே பார்த்தாள். 'என் பெண்டாட்டி கலக்கத் தெரியாதவ இல்ல' என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தான்.

"இதுக்கு மேல செலவு பண்ணி என்ன" என்றார் பெரியவர், விரலை நக்கிக்கொண்டே. "வாரக் கடைசியில செடியைப் பிடுங்கிடலாம். எனக்கும் டைல்ஸு, ஜன்னல், கதவு எல்லாம் வந்து எறங்கப்போகுது. மழைக்கு ஒதுக்குப்புறமா வைக்க எடம் வேணும். குடில் சும்மாத்தானே கெடக்கும்."

இளையவளுக்குக் கையிலிருந்த கவளம் கையிலேயே நின்றது. செடி இன்னும் பாதி உயரத்துக்குத்தான் காய்த்திருக்கிறது. மேலே காயும் பூவுமாக எத்தனை கொத்து இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கக்கூட இவர்களுக்குக் கழுத்து வராது. டைல்ஸ் வைக்க இடம் வேண்டுமாம்.

"செடியைப் பாக்காம பிடுங்குறதா?" என்றாள். "பழ மண்டியில செடி டாக்டர் இருக்காங்க. அவங்க வந்து பாக்கட்டும். நான்தான் தப்புப் பண்ணேன்னு அவங்க சொன்னா, நானே என் கையால பிடுங்கிப் போடுறேன்."

"வரட்டும், வரட்டும்" என்றார் மாமனார்.

"வந்து சொன்னா கேட்டுக்கணும்" என்றார் பெரியவர்.

"எல்லாரும்தான்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் தொட்டிகளின் மூடியைத் திறந்து தானே நுகர்ந்து பார்த்தாள். குச்சியை விட்டு அடியில் துழாவினாள். சந்தேகம் என்பது எப்படிப்பட்டது என்றால், நாலு பேர் சேர்ந்து சொன்னால் நம் கையையே நமக்கு அடையாளம் தெரியாமல் செய்துவிடும். ஒருவேளை அம்மாவின் கட்டுப்போட்ட கண்ணை நினைத்துக்கொண்டே மாற்றி ஊற்றிவிட்டோமா? ஊற்றியது நினைவிருக்கிறது. ஊற்றினபோது இடுப்பு வலித்ததுகூட நினைவிருக்கிறது. ஆனாலும் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை உண்டாக்கினார்களே என்றுதான் அவளுக்கு அதிகமாகப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை குடிலில் அவளோடு வேலை செய்கிற ரேடியோ அக்கா வந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பு விடும்போது ஆரம்பித்தால் திரும்பச் செருப்புப் போடும்போதுதான் நிறுத்துவாள். மேல்கம்பியைக் குச்சியால் தட்டித் தட்டிப் பூக்களை உலுக்குவது அவள் வேலை. உலுக்கினால்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். தட்டுவதற்கு ஒரு தாளம், பேச்சுக்கு ஒரு தாளம் என்று போகும்.

அன்றைக்குக் கம்பி மட்டும்தான் சத்தம் போட்டது.

"என்னக்கா, தொண்டை சரியில்லையா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்ல எதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெயில்தான்." அதோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். இளையவளுக்கு விசித்திரமாக இருந்தது. பெட்டி திரும்பி வந்த கதையை அரை நாளுக்காவது வைத்து ஓட்டியிருக்க வேண்டியவள் அவள்.

அதற்கு மறுநாள் செடி டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு பை. கும்பிட்ட கையோடேயே செருப்புகளை வெளியே விடச் சொன்னார். அடுத்தவர் தோட்டத்து நோயை உள்ளே கொண்டுவரக் கூடாதாம். பெரியவர் சிமெண்டு ஒட்டின செருப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டே கழற்றினார். மாமனார், பெரியவர், அவள் கணவன், ரேடியோ அக்கா எல்லாரும் பின்னால் வந்தார்கள். கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போகிற மாதிரி ஒரு கூட்டம்.

"மொதல்ல தொட்டியைப் பாருங்க டாக்டரம்மா" என்றார் பெரியவர். "வெவகாரமே அங்கதான்."

டாக்டர் தொட்டியைப் பார்த்தார். குச்சி விட்டு அடியைக் கிளறி எடுத்து, நுனியை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு சின்னக் கருவியை நீருக்குள் விட்டு எண்ணைப் படித்தார்.

"யார் கலக்குறது?"

"நான்தான்" என்றாள் இளையவள்.

"சுத்தமா இருக்கே. மாத்திக் கலந்திருந்தா அடியில திரிஞ்ச பால் மாதிரி தங்கியிருக்கும். சொட்டுக் குழாயும் அடைச்சிருக்கும். இது சரியாத்தான் இருக்கு."

"இப்போ சரியா இருக்கலாம்" என்றார் பெரியவர். "அப்போ?"

"அப்போ எப்படி இருந்துச்சுன்னு செடியே சொல்லும், வாங்க."

டாக்டர் முதல் வரிசையின் தலைப்பிலிருந்து நடந்தார். மோட்டார் பக்கத்துச் செடிகள் அவை. குனிந்து, பழத்தின் அடியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றிரண்டை அறுத்தார். சுத்தம். நடு வரிசையில் அங்கங்கே கறுப்பு. கடைசி வரிசையில், மேற்கு ஓரம், வெயில் நேராக விழுகிற இடத்தில், கொத்துக் கொத்தாகக் கறுப்பு.

"பாத்தீங்களா? இந்த முனையில ஒண்ணுமில்ல, அந்த முனையில எல்லாம் போச்சு. எல்லாத்துக்கும் ஒரே தொட்டித் தண்ணிதானே? உப்புத் தப்புன்னா மொதச் செடிக்கும் கடைசிச் செடிக்கும் ஒரே தப்புதானே போகணும்? இது உப்பு இல்ல."

"பின்ன என்ன, பூச்சியா?" என்றார் மாமனார்.

"பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. நோய்னா பரவும். இது பரவல. இங்க பாருங்க." டாக்டர் கடைசிப் பையிலிருந்த செடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கீழ ரெண்டு கொத்து?"

"பறிச்சாச்சு. நல்லா இருந்துச்சு. ஒரு பழம் திரும்பல" என்றாள் இளையவள்.

"சரி. மூணாவது கொத்து, போச்சு. நாலாவது கொத்து, முக்காவாசி போச்சு." எழுந்து அண்ணாந்து பார்த்து ஒரு பச்சைக்காயைப் பறித்து அறுத்தார். வெளுத்த பச்சையாக, குளிர்ச்சியாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. "அஞ்சாவது? சுத்தம். அதுக்கு மேல? சுத்தம். செடி கீழருந்து மேலதான் காய்க்கும். அதனால இதுதான் உங்க காலண்டர். நல்லா இருந்துச்சு, நடுவுல கெட்டுச்சு, மறுபடி நல்லாயிடுச்சு. இப்போ கெட்டது இல்ல இது. கெடுத்தது எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"ஆனா போன வாரம்தானே கறுத்துச்சு" என்றார் பெரியவர்.

"தெரிஞ்சதுதான் போன வாரம். காய் கோலிக்குண்டு அளவுல இருக்கும்போதே இதுக்கு விதி எழுதியாச்சு. சுண்ணாம்புச் சத்து பையில எவ்வளவு இருந்தா என்ன, காயோட நுனி வரைக்கும் அதைத் தூக்கிட்டுப் போறது தண்ணிதான். வண்டி வரலன்னா சரக்கு எப்படிப் போய்ச் சேரும்? நல்ல வெயில் நேரத்துல தண்ணி நின்னிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தொடர்ந்து பல நாள். தள்ளியிருக்கிற செடிக்குத்தான் மொதல்ல நிக்கும், அதான் கடைசி வரிசை இப்படி." டாக்டர் இளையவளைப் பார்த்தார். "இந்த மூணாவது கொத்து கோலிக்குண்டா இருந்தப்போ இங்க என்ன நடந்துச்சு?"



"அப்போ நான் இங்க இல்ல" என்றாள் இளையவள் மெதுவாக. "அம்மாவைப் பாத்துக்கப் போயிருந்தேன். நான் போகும்போது மூணாவது பூவுல இருந்துச்சு. வரும்போது காய் பெருத்திருந்துச்சு."

"அப்போ யார் பாத்துக்கிட்டது?"

எல்லார் கண்ணும் அவள் கணவன் பக்கம் போனது. அவன் பிளாஸ்டிக் கூரையைப் பார்த்தான்.

"மோட்டார் ஒரு நாளும் நிக்கலையே" என்றார் பெரியவர், யாரும் அவரைக் கேட்காதபோதே. "எனக்குத் தெரியும். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் இளையவள் திரும்பி மோட்டார் அறையைப் பார்த்தாள். அம்மா வீட்டிலிருந்து வந்த அன்றைக்கே கண்ணில் பட்டது அது: மோட்டாரிலிருந்து குடிலுக்கு வருகிற குழாயில், சுவர் ஓரமாக, புதிதாக ஒரு கிளைக் குழாயும் ஒரு வால்வும். 'இது என்னங்க' என்று கேட்டதற்கு, 'வண்டி கழுவ வசதியா இருக்கும்னு போட்டேன்' என்றான். நல்ல வேலை, பிசிறு இல்லாத வேலை. அவன் வேலை எப்போதும் அப்படித்தான்.

அவள் விடுவிடுவென்று நடந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். வால்வின் பிடியில் சாம்பல் நிறமாகக் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"வண்டி கழுவத்தானே போட்டீங்க" என்றாள் கணவனிடம். "வண்டியில சிமெண்ட் ஏது?"

அவன் குனிந்து இணைப்பில் ஒழுகல் இருக்கிறதா என்று விரலால் தடவினான்.

"கேக்குறேன்ல?"

"சொல்லிடுங்க தம்பி" என்றாள் ரேடியோ அக்கா திடீரென்று. "என்னால முடியல. ரெண்டு நாளா வயித்துக்குள்ள குத்துது. நான் பேசாம இருந்து எனக்குப் பழக்கமில்ல." பிறகு அவளே உடைத்துக்கொட்டினாள். "தளம் போட்டதுக்குத் தண்ணி கட்டினாங்கம்மா. தினமும் மத்தியானம். மேல வரப்புக் கட்டி, ஏரி மாதிரி நிக்கும். பெரியவரு மேலருந்து 'விடு'ம்பாரு, தம்பி இங்கருந்து தொறந்துவிடும். இங்க ஒரு சொட்டு வராது. செடியெல்லாம் தலை தொங்கிக்கெடக்கும். நான் சொன்னேன், தம்பி வாடுதேன்னு. 'சாயந்தரம் நிமிந்துடும்க்கா'ன்னாரு. நிமிந்துச்சு, இல்லங்கல. பெட்டி திரும்பி வந்தன்னைக்கு, சாப்பாட்டுக்கு முந்தியே, என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'அக்கா, தண்ணி விஷயத்தை இப்போ பேச வேணாம்'னாரு."

பெட்டி திரும்பி வந்த அன்றைக்கு. இளையவளுக்கு மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. அந்த ஒரு வார்த்தை ஏறியது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, சொம்பை எடுத்துக் குடித்தானே, அதற்கு முன்னாலேயே அவன் ரேடியோ அக்காவிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறான்.

"இதுல என்ன ரகசியம்" என்றார் பெரியவர் குரலை உயர்த்தி. "தளம் போட்டா தண்ணி கட்டித்தானே ஆகணும்? காய விட்டா வெடிச்சிடும். கொத்தனாரே சொன்னார், மத்தியான வெயில்லதான் காயும், அப்போதான் தண்ணி நிக்கணும்னு."

"செடியும் மத்தியான வெயில்லதான் காயும்" என்றாள் இளையவள்.

"உசுருள்ளது, அது தாங்கிக்கும்னு..."

"உசுருள்ளதுதான் தாங்கிக்கணுமா?"

மாமனார் நடுவில் கையை நீட்டினார். "சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. யாரும் வேணும்னு செய்யல. தெரியாம நடந்தது. இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு."

"நல்லா இருக்கு மாமா." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என் மேல சொன்னப்போ 'யார் செஞ்சது, யார் கலந்தது, யார் போனது, யார் வந்தது'ன்னு ஆளைத் தேடினீங்க. உங்க புள்ளைங்க செஞ்சதுன்னதும் அது தானா நடந்துபோச்சா? அதுக்கு மட்டும் கையும் இல்ல, காலும் இல்லையா?"

செடி டாக்டர் கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"கறுத்த செடிங்கள்ல மூணு, நாலுன்னு ரெண்டு கொத்தையும் கிள்ளி எறிஞ்சிடுங்க. செடிக்கு வீண் பாரம். மேல இருக்கிறது அத்தனையும் நல்ல காய். இதைப் பிடுங்கினா அதுதான் பெரிய தப்பு. மத்தியானத் தண்ணி மட்டும் நிக்கக் கூடாது, ஒரு நாள்கூட." பிறகு பெரியவரைப் பார்த்து, "டைல்ஸை எங்க வேணா வைக்கலாங்க. மழையில கரையாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

செடி பிழைத்தது. அதோடு முடிந்தது என்று அந்த வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். பெரியவரின் மனைவி ஒரு டம்ளர் டீயை இளையவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். மன்னிப்பு என்று அதற்கு மேல் அந்த வீட்டில் எதுவும் தயாரிப்பதில்லை. டீ ஆடை படிந்து ஆறியது.

வெயில் தாழ்ந்த பிறகு இளையவள் புதுவீட்டுக்குள் போனாள். கைப்பிடி வைக்காத படிகளில் ஏறி மொட்டைத் தளத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தாள். வழவழவென்று இருந்தது. குனிந்து பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. குடித்த தண்ணீர் அத்தனையும் உடம்பில் ஒட்டியிருந்தது அந்தத் தளத்துக்கு. பக்கத்தில் கீழே அவள் குடில், உள்ளே மங்கலான பச்சை. அவள் செடிகளின் வாயிலிருந்து பிடுங்கிய தண்ணீர் இங்கே கல்லாக நிற்கிறது.

அவன் மேலே வந்தான். கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"கோவமா?"

"தளம் நல்லா வந்திருக்கு" என்றாள்.

"வாடுச்சு. பாத்தேன். சாயந்தரம் நிமிந்துடுச்சேன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாது."

"அதுக்கு நான் கோவிக்கல. அது தெரியாமச் செஞ்சது. பெட்டி திரும்பி வந்த அன்னைக்கு? அப்போ தெரியும்ல? தெரியாமலா ரேடியோ அக்கா வாயை மூடினீங்க? எல்லாரும் சேந்து என்னை உப்புல போட்டு ஊற வெச்சாங்களே, தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே."

"அண்ணன் வீட்டு வேலை நடக்கிற நேரம். சண்டை வேணாம்னுதான்..."

"சண்டை வேணாம்னு. என் மேல போட்டா சண்டை இல்ல. ஏன்னா நான் அழுதுட்டு அடுத்த வேலையைப் பாப்பேன். நான் தொட்டியை மோந்து பாத்தேங்க. என் கையையே நான் சந்தேகப்பட்டு மோந்து பாத்தேன். நீங்க உள்ள படுத்து ஃபேனைப் போட்டுக்கிட்டிருந்தீங்க."

அவன் கீழே பார்த்தான். "நான் இப்போ என்ன பண்ணணும், சொல்லு" என்றான்.

"நாளைக்குப் பூச்சு வேலை. மத்தியானம் சுவத்துக்கு அடிக்கத் தண்ணி கேப்பாங்க. முடியாதுன்னு நீங்க சொல்லணும். உங்க அண்ணன்கிட்ட, உங்க வாயால. காலையில எடுத்துக்கோங்க, சாயந்தரம் எடுத்துக்கோங்க, மத்தியானம் கெடையாதுன்னு. அதுல என் பேரு வரக் கூடாது."

"சரி" என்றான்.

"சரின்னா?"

"சொல்றேன்."

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்தபோது அவள் கடைசி வரிசையின் கடைசிப் பையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் கொத்தையும் நான்காம் கொத்தையும் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டாயிற்று. செடிகள் நடுவில் மொட்டையாக, மேலே கனமாக நின்றன. உள்ளங்கையைச் சொட்டுக் குழாயின் கீழே பிடித்தாள். சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

பக்கத்து மனையிலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார். "தண்ணி விடுங்கப்பா! சுவரு காயுது!"

செருப்புச் சத்தம் மோட்டார் அறைப் பக்கம் வந்தது. அவளுக்கு அந்தச் செருப்பைத் தெரியும். அது நின்றது.

"என்னடா, தொற" என்றது பெரியவரின் குரல், மேலேயிருந்து.

"இல்லண்ணே... சாயந்தரம் எடுத்துக்கலாமே."

"சாயந்தரம் என்ன சாயந்தரம்? ஆளுக்குக் கூலி சாயந்தரமா ஓடுது? ரெண்டு குடம் தண்ணிடா. தொற."

"இல்ல, டாக்டரு சொன்னாங்கள்ல..."

"டாக்டரு போயாச்சு. யாரு வேணாங்குறது இப்போ?"

இளையவள் உள்ளங்கையை எடுக்காமல் காது கொடுத்தாள். 'நான்தாண்ணே.' இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"அவதாண்ணே" என்றான் அவன். "அவ கோவிச்சுக்குவா."

பெரியவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொத்தனாரும் சேர்ந்து சிரித்தார். அதற்கடுத்து வால்வு திரும்புகிற சின்னக் கிறீச்சொலி. அவள் உள்ளங்கைக்கு மேல் குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. திரண்டபடியே தொங்கியது.

அவள் எழுந்தாள். கணவனின் கருவிப் பெட்டி குடில் வாசலில்தான் இருந்தது. பெரிய ரென்ச்சையும், குழாய் முனையை அடைக்கிற ஒரு மூடியையும் எடுத்தாள். மோட்டார் அறைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல், அவன் கைக்குக் கீழே கையை விட்டு வால்வை மூடினாள். அதில் மாட்டியிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். ரென்ச்சை மாட்டி இரண்டு கையாலும் இழுத்தாள். அவன் போட்ட இணைப்பு, இறுக்கமான இணைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்ததும் வால்வு கழன்று கையோடு வந்தது. பீறிட்ட தண்ணீர் அவள் முகத்திலும் அவன் சட்டையிலும் அடித்தது. நனைந்துகொண்டே மூடியைப் போட்டு, ஒரு சொட்டுக் கசியாத வரைக்கும் திருகினாள்.

"ஏய், யாரது? யாரு செஞ்சது இது?" என்று பெரியவர் மேலேயிருந்து கத்தினார். மாமனார் வாசலுக்கு வந்தார். பெரியவரின் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கம்பி தட்டுகிற சத்தமும் நின்றது.

இளையவள் முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"நான்தான் அத்தான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இதை நான்தான் செஞ்சேன்."

வால்வைக் கணவனின் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். ரென்ச்சை மட்டும் கொடுக்கவில்லை. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு குடிலுக்குள் நடந்தாள், கடைசி வரிசை வரைக்கும்.